கெர்லிங்குக்கு எதுவும் வராது

“இவனுக்குப் படிப்பு வராதுண்ணே.”

சொன்னவர் அப்பா. பையனுக்குப் பதினான்கு வயது. இடம், கெர்லிங் பெரிய சாலையோரத்தில் டுரியான் அடுக்கிய ஓர் ஒட்டுக்கடை. பையன் காதில் விழட்டும் என்றே சொன்னார். அவனும் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிய பேச்சுபோல அதைக் கேட்டுக்கொண்டு, ஒரு பழத்தைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினான். உள்ளே சுளை ஆடும் சத்தத்தில் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது: எது இன்றைக்குச் சாப்பிட, எது நாளைக்கு, எதில் புழு.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. பட்டணத்துச் சீனர். பையன் மலாயில் பேசினான், பேரம் பேசும்போது நடுவில் இரண்டு சீன வார்த்தையும் போட்டான். தராசில் இரண்டு கிலோ முந்நூறு. கிலோ 18 வெள்ளி. “ரெண்டு கிலோ முப்பத்தாறு, முந்நூறு கிராம் அஞ்சு வெள்ளி நாப்பது காசு, நாப்பத்தொண்ணு நாப்பது. நாப்பத்தொண்ணு குடுங்க போதும்” என்பதை மலாயில் சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று நொடிகூட ஆகவில்லை. ஐம்பது வெள்ளித் தாளை வாங்கி ஒன்பது வெள்ளி திருப்பிக் கொடுத்தான். கார் போய்விட்டது.

அப்பா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “அதுலயும் கணக்கு சுத்தமா வராது. மலாயும் வராது.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத அளவுக்கு இந்த வாக்கியத்தை இந்த வட்டாரத்தில் கேட்டிருக்கிறேன். கோலாகுபுவில், ராசாவில், களும்பாங்கில், புக்கிட் தாகாரில், இந்தப் பக்கம் பெஸ்தாரி ஜெயா வரைக்கும். ‘வராது.’ தமிழில் எவ்வளவு வசதியான வினைச்சொல்! படிப்பை யாரும் சொல்லித்தரவும் வேண்டாம், யாரும் கற்கவும் வேண்டாம். அது விருந்தாளி. அதுவாகப் பையைத் தூக்கிக்கொண்டு வரும். வந்தால் பாயை விரித்து உட்காரவைப்போம். வராவிட்டால் நாம் என்ன செய்வது, அதற்கு நம் வீட்டு விலாசம் தெரியவில்லை. இந்த வாக்கியத்துக்குள் வாத்தியாருக்கு வேலை இல்லை, அப்பாவுக்கு வேலை இல்லை, கல்வி இலாகாவுக்கு வேலை இல்லை. எல்லாரும் கையைக் கழுவிவிட்டுத் தே தாரிக் குடிக்கலாம்.

பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரம். அங்கே தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் கவனித்து 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வியாபாரத்தின் நடுவில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே பிள்ளைகளை உட்காரவைத்துப் பள்ளிக்கூடக் கணக்காக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு முப்பத்தேழுதான் சரி. ரெசிஃபேயில் அப்பன்மார் என்ன சொன்னார்களோ. அந்த ஆராய்ச்சியாளர்கள் ‘பிள்ளைக்குக் கணக்கு வராது’ என்று எழுதவில்லை. பள்ளிக்கூடம் கணக்கைச் சொல்லித்தரும் விதத்தைச் சந்தேகப்பட்டார்கள். நம் ஊரில் அந்தச் சந்தேகம் மட்டும் யாருக்கும் வருவதில்லை.

*

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். ஒரு காலைப் பொழுதுக்கு ஐந்நூறு மரம். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன, எதிர்ச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். சாய்வு முப்பது பாகை. பட்டையைச் சீவலாம், மரத்தைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் விடவேண்டிய தோல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கத்தி அதைத் தாண்டினால் காயம், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் திரும்ப வளரும், தண்டல் வந்து சத்தம் போடுவார். இருட்டில், கொசுவில், கைவிளக்கு அளவு வெளிச்சத்தில், ஐந்நூறு முறை ஒன்றரை மில்லிமீட்டர். அறுவை மருத்துவருக்குக்கூட நடுவில் ஒரு காபி கிடைக்கும்.

சட்டத்தில் இவரைப் போன்றவர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? திறனற்ற தொழிலாளி. இந்திய அரசாங்கத்தின் 1922-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அப்படித்தான் வகை பிரித்தது. 1938-இல் மலாயாவுக்கு உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை நிறுத்தியபோதும் அதே சொல்தான் கடுதாசியில் ஏறியது. திறன் கையில் இருந்தது, ‘அற்ற’ என்பது கூலிப் பட்டியலில் இருந்தது. திறன் இல்லாதவனுக்குக் குறைந்த கூலி கொடுப்பது நியாயம்தானே? அதனால் முதலில் கூலியை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்றபடி திறமையைப் பிறகு முடிவு செய்தார்கள். 1920-களின் கடைசியில் பெரும்பாலான இடங்களில் ஆணுக்கு ஒருநாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. என் பாட்டி வெட்டிய மரத்துக்கு அவள் பெண் என்பது தெரியாது. பால் பத்துக் காசு குறைத்துக் கொடுக்கவில்லை.

இப்போது மரத்தின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு அதில் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி பைநிறைய விதையை வைத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாக அலைந்தார். காப்பித் துரைமார்கள் அவருக்கு ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வைத்தார்கள். ரப்பராவது மண்ணாவது, இங்கே அதெல்லாம் வராது என்றார்கள். கவனியுங்கள், துரைக்கும் ‘வராது’ தெரிந்திருந்தது. ஆனால் மரத்தைப் பற்றிய ‘வராது’வைத் துரை சீக்கிரம் விட்டுவிட்டார், அதில் பணம் தெரிந்ததும். மரத்தைக் கொல்லாமல் மறுபடி மறுபடி வெட்டும் முறையை ரிட்லி கண்டுபிடித்துக் காட்டினார், அவ்வளவுதான், காப்பி போயே போய்விட்டது.

பிறகு 1925-இல் சட்டம் போட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார்கள். வெள்ளைக்கார விஞ்ஞானிகள் வந்தார்கள். நல்ல மரத்தின் மொட்டை எடுத்து இன்னொரு கன்றில் ஒட்டினார்கள். மண்ணைச் சோதித்தார்கள். எந்த உரம், எத்தனை அவுன்ஸ், எந்த மாதம் என்று குறிப்பெடுத்தார்கள். வெட்டுக்கு வெட்டு ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். மரத்துக்கு! ஆண்டுக்கு ஹெக்டருக்குச் சுமார் 500 கிலோ ரப்பர் கொடுத்துக்கொண்டிருந்த மரம், கழகத்தின் ஆர்.ஆர்.ஐ.எம் 600 ரகம் வந்தபோது 1,500 கிலோவைத் தாண்டியது. ‘இது இவ்வளவுதான் பால் கொடுக்கும், இதன் பரம்பரை அப்படி’ என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னவனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கமாட்டார்கள்.

மரத்தடியில் நின்றவளுக்கு எந்த ஆராய்ச்சிக் கழகமும் இல்லை. அவள் பிள்ளைக்கு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தது: ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். பல இடங்களில் அது ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கூரை. வாத்தியார் யார்? பல இடங்களில் எழுதப்படிக்கத் தெரிந்த கங்காணி, இல்லையென்றால் மத்தியானத்தில் கை ஓய்ந்த கிராணி. ரப்பர் கன்றுக்குக் கேம்பிரிட்ஜில் படித்தவர் வந்து பார்ப்பார். பிள்ளைக்குச் செக்ரோல் எழுதி முடித்தவர் வந்து பார்ப்பார். பிறகு முப்பது வருடம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார்கள்: பாருங்கள், மரம் எவ்வளவு முன்னேறிவிட்டது, இவன் இன்னும் அப்படியே இருக்கிறான்.

செம்பனையின் கதை இன்னும் அழகு. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. பெயரைப் பாருங்கள், நம் தென்னைமரம்தான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் பெரிய பரிசும் வாங்கினார். செம்பனையில் பிசிஃபெரா என்று ஒரு ரகம் உண்டு. அதன் பெண்குலை பெரும்பாலும் காய்க்காமலே உதிரும். நம் ஊர்ப் பாஷையில் மலடு. அதை வெட்டி எறிந்தார்களா? இல்லை. கெட்டி ஓடு கொண்ட டூரா ரகத்தோடு அதைச் சேர்த்து, மெல்லிய ஓடும் கூடுதல் எண்ணெயும் கொண்ட டெனெராவை உண்டாக்கினார்கள். இன்றைக்கு நாடு முழுக்க நிற்பது அந்த மலட்டு மரத்தின் பிள்ளைகள். மகரந்தம் சரியாகச் சேரவில்லை என்றதும், நம் பெண்களைக் குலைகுலையாக மகரந்தத் தூள் தூவவைத்தார்கள். அதுவும் போதாதென்று ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு வண்டை வரவழைத்து 1981-இல் தோட்டங்களில் விட்டார்கள். வண்டு வந்தது, காய் பிடித்தது, தூள் தூவிய பெண்களுக்கு வேலை போனது.

மலட்டு மரத்துக்குக் கண்டம் விட்டுக் கண்டம் வண்டு வரும். பெயில் ஆன பிள்ளைக்கு அடுத்த ஊரிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வரமாட்டார்.

*

தமிழனை மட்டும்தான் இப்படிச் செய்தார்கள் என்று எண்ணி மார் தட்டிக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் இதில் பாரபட்சம் பார்க்காதவன். கெர்லிங்கிலிருந்து வடக்கே கார் எடுத்தால் அரைமணிக்குள் தஞ்சோங் மாலிம். 1920-ஆம் ஆண்டு அறிக்கையில் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற பெரிய அதிகாரி, மலாய்ப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் எதற்குப் படிப்புக் கொடுக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார்: மீனவன் மகன் தன் அப்பனைவிடக் கெட்டிக்கார மீனவனாக வேண்டும், உழவன் மகன் தன் அப்பனைவிடக் கெட்டிக்கார உழவனாக வேண்டும். மீனவன் மகன் வக்கீலாக வேண்டும் என்று மறந்தும் எழுதவில்லை. ‘அவரவர் இடத்திலேயே கொஞ்சம் பளபளப்பாக இரு’ என்பதுதான் திட்டம்.

அந்தத் திட்டத்துக்கு வாத்தியார் தயாரிக்கத் தஞ்சோங் மாலிமில் 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியைத் திறந்தார்கள். கிராமத்துப் பையன்களைச் சேர்த்துத் தோட்டவேலையும் கூடை பின்னுவதும்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்த இப்ராஹிம் யாகோப் 1938-இல் வெள்ளைக்காரனை எதிர்த்து இளைஞர் சங்கம் ஆரம்பித்தார். கூடை பின்ன அனுப்பிய பையன்கள் நாட்டையே பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். ‘வராது’ என்று கணக்குப் போட்ட அதிகாரிக்குத்தான் கணக்கு வரவில்லை.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு, 1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம். ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. கள்ளுக்கடையை மூடு. பெண்கள்மேல் கை வைக்காதே. அவற்றோடு இன்னொன்று: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம். ஆமாம், அப்படி ஒரு வழக்கம் இருந்தது. எதிரே துரை வந்தால் கூலி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இறங்கமாட்டோம் என்றதற்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஆட்கள் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். கள்ளுக்கடையை மூடச்சொன்னவர்களுக்கு அறிவு போதாது என்று கள் விற்றுக் காசு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோட்டமாகப் போனபோதும் இதே பாட்டுத்தான். துரைமார்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே வாங்குவோம் என்றார் அவர். கூலிக்காரனுக்குத் தோட்டம் நிர்வாகம் பண்ண வருமா என்று கேட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமில்லை, வெள்ளைச் சட்டைக்காரர்களும்தான். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து வாங்கிவிட்டார்கள்.

இவ்வளவும் நடந்த மண்ணில் நின்றுகொண்டுதான் நாம் ‘நம்மாளுக்கு அதெல்லாம் வராது’ என்கிறோம். துரை போய்விட்டார். கிராணி பென்ஷன் வாங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டார். கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீட்டை இடித்தாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் இடிக்கவில்லை. தாமான் வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது அதையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

*

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இடைநிலைப் பள்ளிகளில் வகுப்புக்குப் பெயர் வைக்கும் சாமர்த்தியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் ஏ, பி, சி, டி. அது பிள்ளைகள் மனத்தைப் புண்படுத்துமாம். அதனால் பெயர்கள் வந்தன: அமானா, பெஸ்தாரி, செமர்லாங், டெடிகாசி. நேர்மை, கெட்டிக்காரத்தனம், ஒளி, அர்ப்பணிப்பு! பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிந்துவிடும் எது முதல் வகுப்பு, எது கடைசி என்று. எங்கள் காலத்தில் கடைசி வகுப்புக்குத்தான் ஆகப் பெரிய பெயர். அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. புகுமுக வகுப்பில் ஒரு வருடம் காத்திருந்துவிட்டு வந்த தோட்டத்துப் பிள்ளைகள். ஆசிரியர் இல்லாத பாடவேளை அந்த வகுப்புக்குத்தான். மேசை நாற்காலி தூக்க ஆள் வேண்டுமென்றாலும் அந்த வகுப்புக்குத்தான் ஆள் வரும்.

பெயர் மாற்றுவதில் இந்த நாட்டை அடிக்க ஆள் கிடையாது. தென்னமரம் தோட்டத்துக்குப் பக்கத்து ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் அதை பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். பெஸ்தாரி என்றால் கல்வியறிவு, கெட்டிக்காரத்தனம். ஒரே அரசாங்க அறிவிப்பில் ஊருக்கே மூளை வந்துவிட்டது! ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் ‘வரவில்லை’ என்கிறார்கள். ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர் சோதனையை 2021-இல் எடுத்துவிட்டார்கள், மூன்றாம் படிவ பி.டி.3-ஐ 2022-இல். வரிசைப்படுத்தும் சோதனை போயும் வரிசை போகவில்லை. பரீட்சை எழுதாமலேயே பிள்ளை எந்த வரிசையில் நிற்பான் என்று சொல்ல ஆசிரியர் அறையில் வல்லுநர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் முகவரியைப் பார்த்தால் போதும்.

இந்த வரிசை வியாபாரத்துக்கு ஒரு தாத்தா உண்டு என்பார்கள், பாரிஸ்காரர் ஆல்ஃபிரட் பினே. அவர்மீது பழி போடுவது பாவம். 1905-இல் அவர் அறிவுச் சோதனையை உருவாக்கியதே எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். 1909-இல் எழுதிய புத்தகத்தில், அறிவு பிறவியிலேயே அளந்து வைத்தது, கூட்டவே முடியாது என்கிறவர்களைக் கடுமையாகச் சாடினார். மூளைக்கும் உடற்பயிற்சி உண்டு என்று வகுப்பே நடத்திக் காட்டினார். 1911-இல் செத்துப்போனார். அவர் செய்த தராசை அமெரிக்கா எடுத்துக்கொண்டுபோய்க் கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளை எடைபோட்டு ‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தியது. காய்ச்சலைக் கண்டுபிடிக்கச் செய்த கண்ணாடிக்குழாயை எடுத்துப்போய், காய்ச்சல்காரனை ஊரைவிட்டுத் துரத்தப் பயன்படுத்திய கதை.

*

இங்கே ஒரு கூட்டம் என்னைத் தட்டிக்கொடுக்கும்: “சரியாச் சொன்னீங்க சார், எல்லாம் மைண்ட்செட்!” இவர்கள்தான் தன்முனைப்புப் பேச்சாளர்கள். ‘வராது’ கம்பெனியின் போட்டிக் கம்பெனி. கரோல் டுவெக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2006-இல் எழுதிய புத்தகத்தின் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள். ஹோட்டல் மண்டபம், குளிர்சாதனம், கழுத்தில் மைக். “எழுந்து நில்லுங்க! பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிங்க! என்னால் முடியும்னு மூணு தடவை சொல்லுங்க!” தோட்டத்துப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிவந்து உட்காரவைத்திருப்பார்கள். பிள்ளைகள் மூன்று தடவை சொல்லும். பிரியாணிப் பொட்டலம் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். திங்கட்கிழமை அதே கடைசி வகுப்பு, அதே வராத கணக்கு வாத்தியார். பிள்ளை மறுபடியும் பெயிலானால் இவர்கள் கையில் பதில் தயார்: அவன் மனம் சரியில்லை. பழைய கம்பெனி, உன் மூளையில் குறை என்றது. புதிய கம்பெனி, உன் மனத்தில் குறை என்கிறது. பள்ளிக்கூடத்தில் குறை என்று சொல்லும் மூன்றாவது கம்பெனியை மட்டும் யாரும் பதிவு செய்யவில்லை.

டுவெக்கும் அவர் கூட்டாளிகளும் பிற்பாடு அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மூளை வளரும் என்று சொல்லிக்கொடுத்த ஒரு சிறு பாடம், பின்தங்கிய பிள்ளைகளின் மதிப்பெண்ணை நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்த்தியது. சிறிய உயர்வு, ஆனால் உண்மையான உயர்வு. அதுவும் கூடப்படிக்கிறவர்கள் கடினமான பாடத்தை மதிக்கிற பள்ளிகளில்தான் நன்றாகப் பிடித்தது. கைதட்டல் பற்றி அந்தக் கட்டுரையில் ஒன்றுமில்லை.

நம் பெரிய மனிதர்களின் ‘வராது’ வேறு ஜாதி. பையனின் ‘வராது’ தீர்ப்பு. இவர்களுடையது நகை. முப்பது வருடமாக ஆலயத் தலைவர் நாற்காலியில் இருக்கிறவரைக் கேளுங்கள். “எனக்கு இந்த கம்ப்யூட்டர், கணக்குப் புஸ்தகம் இதெல்லாம் வராதுங்க” என்பார், மாலை போட்டுக்கொள்கிற தோரணையில். கணக்கு வராதவர் எப்படிப் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்கக்கூடாது. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டு, “எனக்குத் தமிழ் எழுத மட்டும் வராது” என்று சிரிக்கிற டத்தோக்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டமும் சேர்ந்து சிரிக்கும். மகளை அடிக்கிறவர், “நான் கோபக்காரன், பிறவிக்குணம், மாத்த முடியாது” என்பார். அதே பிறவிக்குணம் போலீஸ்காரர் சாலையில் நிறுத்தும்போது மட்டும் எங்கே போகிறதோ, ‘துவான், துவான்’ என்று குழைவார். வாத்தியார் ஒருவர் இருபது வருடத்துக்கு முந்தைய நோட்டையே வைத்துக்கொண்டு நடத்துவார்; புதுமுறை எனக்குச் சரிப்பட்டு வராது என்பார்; அதே வாயால் முன்வரிசைப் பையனைப் பார்த்து, “நீயெல்லாம் எங்கே திருந்தப்போற” என்பார்.

தன்னைத் திருத்திக்கொள்ள ‘வராதவர்கள்’தான் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று சான்றிதழ் எழுதுகிறார்கள். எழுதட்டும். நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: ஒரு ரப்பர் கன்றுக்குச் செலவிட்ட கவனத்தை அந்தப் பிள்ளைக்குச் செலவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா? மண்ணைச் சோதித்தீர்களா? உரம் போட்டீர்களா? வண்டு வரவழைத்தீர்களா?

*

ஒட்டுக்கடைக்குத் திரும்பினால், அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். லோரி ஓட்டுகிறவர். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போய்வருவார். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்வாராம். பட்டறைக்காரன் பிரித்துப் பார்த்தால் அதுவேதானாம். இதைச் சொன்னது பையன். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை.

“எப்படிண்ணே கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“யாரு கத்துக் குடுத்தா? கூடவே நின்னு பாத்துப் பாத்து, திட்டு வாங்கி, பிரிச்சுப் போட்டு மாட்டி... மூணு நாலு வருஷம் ஆச்சு.”

“அப்ப உங்களுக்கு முதல்ல வரலையா?”

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தே தாரிக்கைப் பார்த்தார். “எனக்கு அது வேறண்ணே” என்றார். என்ன வேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரை அவர் அப்பாவும், அவர் அப்பாவைத் தண்டலும், தண்டலைக் கிராணியும் இதே வாக்கியத்தால் அளந்திருப்பார்கள். பையனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நீ இப்போது அந்தச் சீனருக்குப் போட்ட கணக்குக்குப் பள்ளிக்கூடத்தில் தசமப் பெருக்கல் என்று பெயர் என்றேன். “அதுவா சார்? அது எனக்கு வராதே” என்றான்.

கம்முட்டர் ரயில் ஒன்று அந்தப் பக்கம் தடதடவென்று கடந்துபோனது. கெர்லிங்கிலும் ஒரு காலத்தில் ஸ்டேஷன் இருந்தது. இரட்டைத் தண்டவாளம் போட்டு, மின்சாரம் இழுத்து, நாளெல்லாம் ரயில் ஓடுகிறது. கோலாகுபு பாருவை விட்டால் அடுத்த நிறுத்தம் தஞ்சோங் மாலிம். கெர்லிங்குக்கு ரயில் வராமல் இல்லை. நிறுத்துவதில்லை.